கிழித்து ஒட்டிய மீன்

ஜூன் 20, வெள்ளி

வாண்டுவின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, பிள்ளை விஷயத்தை மட்டும் எழுதி அவள் பையிலேயே வைத்தனுப்புங்கள் என்று குடும்பநல ஆலோசகர் சொன்னார். அதனால் எழுதுகிறேன். வேறு எதையும் இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

போன தடவை உங்கள் வீட்டிலிருந்து வரும்போது ஒரு மீன் கொண்டுவந்தாள். பழைய செய்தித்தாளைத் துணுக்குத் துணுக்காகக் கிழித்து, அட்டையில் செதில் மாதிரி ஒட்டி, மேலே நீலம் தடவியது. ஃபிரிட்ஜ் கதவில் மாட்டச் சொல்லி அடம்பிடித்தாள், மாட்டிவிட்டேன். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னை முறைக்கிறது. எனக்கும் ஒரு கேள்வி முளைக்கிறது.

இதைச் செய்ய ஒரு மதியம் முழுக்கப் பிடித்திருக்கும். நான்கு வயதுப் பிள்ளையோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பசை தடவியது நீங்களா? சாப்பிடும்போதுகூட ஒரு காலை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்த மனிதர் நீங்கள். நான் மறக்கவில்லை.

அவளிடம் கேட்டேன். "அப்பாவும் நானும் கிழிச்சோம். கத்திரிக்கோல் வேண்டாம்னு அப்பா சொல்லிட்டார். ஆன்ட்டி கிழிக்கத்தான் சொல்லிருக்காங்களாம்" என்றாள். எந்த ஆன்ட்டி என்றேன். "அப்பாவோட ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் ஓடிவிட்டாள்.

உங்கள் வாழ்க்கையில் யார் வந்தாலும் போனாலும் எனக்கு ஒன்றுமில்லை. என் பிள்ளை பக்கத்தில் உட்காருகிறவர் யார் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

பசை மைதாவில் காய்ச்சியதுதானே? கடைப் பசை அவளுக்குக் கையெல்லாம் அரிக்கும்.

வாண்டுவின் அம்மா


ஜூன் 22, ஞாயிறு

வாண்டுவின் அம்மாவுக்கு,

மைதாதான். அக்கா காய்ச்சிக் கொடுத்தாள். அவளுக்கு அரிக்கும் என்பது எனக்கும் தெரியும்.

மீனைச் செய்தது நானும் அவளும்தான். கடையில் பொம்மை வாங்கிக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் சலித்துவிடுகிறாள். பழைய பேப்பரைக் கொடுத்தால் சாப்பிடக்கூட எழுந்திருப்பதில்லை. இந்தத் தடவை பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நான்காக வெட்டி, சாயத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, காகிதத்தில் ஒற்றி எடுத்தோம். மேகம் என்று நான் சொன்னேன், ஆட்டுக்குட்டி என்று அவள் சொன்னாள். ஆட்டுக்குட்டிதான் ஜெயித்தது. பையில் இருக்கிறது, இன்னும் முழுதாகக் காயவில்லை, மடிக்காதே.

ஆன்ட்டி எனக்குத் தெரிந்த ஒருவர். வீட்டுக்கு வருபவர் இல்லை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது என் முறை. செருப்புப் பெட்டியில் ஒரு வீடு செய்யலாம் என்று உட்கார்ந்தோம். ஜன்னல் எங்கே வைக்க என்று கேட்டேன். "மேல வை. அங்கேர்ந்துதான் கப்பல் தெரியும்" என்றாள். நம் ஊரில் ஏது கப்பல் என்றேன். "இந்த ஊர் இல்லப்பா. நாங்க போற ஊர்" என்றாள். யார் நாங்கள் என்றதற்கு "நானும் அம்மாவும்" என்று ஜன்னலுக்குச் சாயம் அடித்துக்கொண்டே சொன்னாள்.

எந்த ஊருக்கு, எப்போது என்று எழுது.

வாண்டுவின் அப்பா


ஜூன் 26, வியாழன்

வாண்டுவின் அப்பாவுக்கு,

பிள்ளைகள் ஆயிரம் சொல்லும். போன வாரம் தான் ஒரு பூனை என்று சொல்லி கட்டிலுக்கு அடியில்தான் தூங்கினாள். அதற்கும் நான் பதில் எழுத வேண்டுமா?

இதைத் தபாலில் போடுகிறேன், ஏனென்றால் அடுத்த முறைவரை பொறுக்க முடியவில்லை. உங்கள் கடிதம் டைப் அடித்து வந்திருக்கிறது. மின்சாரக் கட்டணம் கட்டக்கூட என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தவர் நீங்கள். யார் அடித்துக் கொடுத்தது? அந்த "எனக்குத் தெரிந்த ஒருவரா"? நான் என் பிள்ளையைப் பற்றி எழுதுவதை மூன்றாம் மனிதர் ஒருவர் படித்துவிட்டு, நீங்கள் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டிருக்கிறாரா? நினைக்கவே உடம்பு கூசுகிறது.

இன்னொன்று. குளிக்க ஊற்றும்போது வாண்டு என் வலது கையை எடுத்துத் தட்டிக் கொடுத்தாள். என்னடி என்றேன். "உன் கை முழிச்சிருக்கு. அப்பா கை தூங்கிட்டே இருக்கும். எழுப்பணும்" என்றாள். கை தூங்குகிறதா, ஆளே தூங்குகிறாரா? சனிக்கிழமை மதியம் ஒரு மனிதன் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏன் தூங்குவான் என்று யோசித்தேன். நான் யோசிப்பது சரி என்றால் அது உங்களுக்கு நல்லதில்லை.

நீங்கள் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே கடத்திவிடுகிற ஆள். அது பொய்யைவிடப் பொல்லாதது என்று உங்களோடு வாழ்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த கடிதம் உங்கள் கையெழுத்தில் வராவிட்டால் பிள்ளையை அனுப்புவதைப் பற்றி நான் யோசிக்க வேண்டியிருக்கும்.

வாண்டுவின் அம்மா


ஜூலை 6, ஞாயிறு

வாண்டு அம்மாவுக்கு,

என் கையாலேயே எழுதுகிறேன். யாரும் பக்கத்தில் இல்லை.

துணி கிளிப்பில் முதலை செய்தோம். அமுக்கினால் வாய் திறக்கும். பல் ஒட்டியது அவள்.

உன் தம்பி நேற்று அக்காவிடம் வாய்தவறிச் சொன்னான். இன்னும் கொஞ்ச நாள்தான் இப்படிக் கொண்டுவந்து விடுவேன், அப்புறம் வேலை மிச்சம் என்று. மச்சானுக்குப் பூனையும் தெரியாது, கட்டிலும் தெரியாது. அவன் சொன்னதற்கு நீ பதில் சொல்.

வாண்டு அப்பா


ஜூலை 18, வெள்ளி

வாண்டுவின் அப்பாவுக்கு,

இதைத் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன். வாண்டு நாளை வரமாட்டாள்.

உங்கள் கடிதத்தை மேஜையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன். இது உங்கள் எழுத்து இல்லை. உங்கள் "க" வலப்பக்கம் சாய்ந்து ஓடும், கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிற மாதிரி. இதில் ஒவ்வொரு எழுத்தும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. கோட்டை விட்டுக் கீழே விழுகிறது. ஒன்று, வேறு யாரோ உங்களைப் போல எழுதப் பார்த்திருக்கிறார்கள். அல்லது நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எழுதும் நிலையில் இல்லாமல்.

நான் லேபில் வேலை பார்க்கிறவள். இரண்டு சந்தேகம் இருந்தால் ஒன்றைத் தள்ளிவிட்டுத்தான் அடுத்த வேலை. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் உங்கள் பஸ் டிப்போவுக்குப் போனேன். வாசலில் அதே காவலாளிதான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஏழாம் நம்பர் வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வரும் என்று சும்மா கேட்டேன். "அண்ணன் வண்டி எடுத்து ரொம்ப நாளாச்சேம்மா. இப்ப தொலைஞ்சு போன சாமான் வைக்கிற ரூம்ல உக்கார்றார். உங்களுக்குத் தெரியாதா?" என்றார். ஏன் என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. "அத அவர்கிட்டயே கேட்டுக்குங்கம்மா" என்று கேட்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். கேட்டை யாராவது துடைப்பார்களா?

நல்லா ஓட்டுகிற டிரைவரை எதற்காக வண்டியிலிருந்து இறக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். கையைப் பிள்ளை எழுப்ப வேண்டியிருக்கிறது, மதியத்தில் தூக்கம், எழுத்து கோணல், வண்டி இல்லை. நான்கையும் கூட்டிப் பார்த்துவிட்டேன்.

நீங்களாக உண்மையைச் சொல்லும்வரை அவள் இங்கேதான் இருப்பாள். முதலையின் வாய் நேற்று உடைந்தது. ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

வாண்டுவின் அம்மா


ஜூலை 21, திங்கள்

வாண்டுவின் அம்மாவுக்கு,

மறுபடியும் டைப். என் எழுத்து உனக்குப் பிடிக்கவில்லை, என்ன செய்ய. அடித்தது நான்தான், ஒரு விரலால். ஒரு பக்கம் அடிக்க ஒரு மாலை முழுக்கப் போய்விடுகிறது. நம்பினால் நம்பு.

சனிக்கிழமை காலையில் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து வைத்தேன். உன் தம்பி தனியாக நின்றான். கடிதத்தைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிவிட்டான். முட்டை அட்டையைப் பிரித்து வைத்திருந்தோம். குழி குழியாக ஒரே வரிசை, பச்சைச் சாயம், கம்பளிப்பூச்சி செய்வதற்கு. அக்கா மேஜையைத் துடைத்துப் பழைய துணி விரித்திருந்தாள். சாயங்காலம்வரை யாரும் அதை எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைத்தால் அவள் வரமாட்டாள் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

நான் குடிக்கவில்லை. நம் கல்யாணத்தில் எத்தனையோ குறை இருந்தது, அது மட்டும் இருந்ததில்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்தே எழுதியிருக்கிறாய். ஏன் எழுதினாய் என்றும் எனக்குப் புரிகிறது. கப்பல் தெரிகிற வீடு. உன் தம்பியின் வாய். இப்போது நான் குடிகாரன். இதையெல்லாம் நானும் கூட்டிப் பார்க்கிறேன். பிள்ளையைத் தூரமாகக் கொண்டுபோக உனக்கு ஒரு காரணம் வேண்டும், அதைத் தேடி டிப்போ வாசல்வரை வந்திருக்கிறாய்.

நான் சொல்லாமல் இருப்பது ஒன்று உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பாய் என்று தெரிவதால் சொல்லவில்லை.

அவளிடம் கம்பளிப்பூச்சி காத்திருக்கிறது என்று சொல். இது ஒன்றையாவது சொல்.

வாண்டுவின் அப்பா


ஜூலை 30, புதன்

வாண்டுவின் அப்பாவுக்கு,

எங்கள் லேப் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்தான் இருந்தது. குழாய் மாற்றும் வேலைக்காக இந்த வாரம் எங்களை மூன்றாம் மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். எதிரில் பிசியோதெரபி அறை. இத்தனை வருடத்தில் நான் அந்தக் கதவுக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

இன்று மாதிரிக் குழாய்களை எடுத்துக்கொண்டு போகும்போது கதவு திறந்திருந்தது. உள்ளே வயதான ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி கண்ணாடி. மேஜையில் ஒரு தகர டப்பா. துணி கிளிப்பை ஒவ்வொன்றாக அமுக்கி அதன் விளிம்பில் மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா ஒரு கிண்ணத்துத் தண்ணீரை ஸ்பாஞ்சில் ஒற்றி அடுத்த கிண்ணத்தில் பிழிந்துகொண்டிருந்தார். தரையில் ஒரு கூடை நிறையக் கிழித்துப்போட்ட செய்தித்தாள்.

குழாய்களைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயந்து சுவரோடு நின்றேன்.

அங்கிருந்த பெண் வெளியே வந்து "என்னம்மா, யாராவது வேணுமா?" என்று கேட்டாள். அவர்கள் ஏன் பேப்பர் கிழிக்கிறார்கள் என்று கேட்டேன். "கை பிடிமானம் வர்றதுக்கு. முதல்ல கிழிக்கறது, அப்புறம் பிழியறது, அப்புறம் கிளிப். அப்புறம்தான் பொத்தான் கோக்கறது, கத்திரிக்கோல் எல்லாம். பக்கவாதம் வந்தவங்களுக்கு" என்றாள். குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிற மாதிரி வரிசையாகச் சொன்னாள்.

மீன், ஆட்டுக்குட்டி, முதலை. என் ஃபிரிட்ஜ் கதவில் அதே வரிசையில் மாட்டியிருக்கிறேன்.

எப்போது வந்தது? வலது கை மட்டுமா, காலும் சேர்த்தா? பேச்சு எப்படி இருக்கிறது? இரத்த அழுத்த மாத்திரை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்? நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், இதை ஊரில் கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான்தானா?

கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கூடித்தான் இருக்கிறது. இந்த நிலையில் அவளைத் தூக்கிக்கொண்டு படி ஏறினீர்களா? அடுப்புப் பக்கம் விட்டீர்களா? நான் உங்களைச் சந்தேகப்பட்டது தப்பான இடத்தில். ஆனால் சந்தேகப்படவே காரணம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சனிக்கிழமை வாண்டு வருவாள். தம்பி வரமாட்டான். நானே கொண்டுவந்து விடுகிறேன். வாசலோடு.

வாண்டுவின் அம்மா


ஆகஸ்ட் 3, ஞாயிறு

வாண்டுவின் அம்மாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோணலைப் பொறுத்துக்கொள். இதை டைப் அடிக்க மனம் வரவில்லை. மூன்று முறை நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன்.

ஜனவரியில் வந்தது. முதல் நடைக்கு வண்டி எடுக்கப் போனேன். இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பப் பார்த்தால் கை வரவில்லை. யாருடைய கையோ என் மடியில் கிடக்கிற மாதிரி இருந்தது. கண்டக்டர் "என்னண்ணே, வாய் ஒரு பக்கமாப் போகுது" என்று கத்தினான். வண்டி நின்றபடிதான் இருந்தது. உள்ளே ஒரு பயணிகூட ஏறவில்லை. அந்த நினைப்பு வரும்போது இப்போதும் வியர்த்துவிடும். பத்து நிமிடம் கழித்து வந்திருந்தால் ஏழாம் நம்பர் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்திருக்கும்.

பேச்சு திரும்பிவிட்டது. கால் முக்கால்வாசி. கைதான் முரண்டுபிடிக்கிறது. வெளியூரில் டிரெயினிங் என்று உன்னிடம் சொல்லி மூன்று முறை பிள்ளையைப் பார்க்காமல் இருந்தேனே, அப்போது அரசு ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

நீ கேட்ட ஆன்ட்டி அங்கே எனக்குப் பயிற்சி கொடுக்கிறவர். வீட்டில் செய்யச் சொன்னதை நான் முதலில் செய்யவே இல்லை. வளர்ந்த ஆம்பிளை, பேப்பரைக் கிழித்துக்கொண்டு தனியாக உட்காருவதா என்று வெட்கம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்ல சின்னப் பிள்ளை வருமா?" என்று கேட்டார். சனி, ஞாயிறு வருவாள் என்றேன். "அப்ப அவளுக்கு விளையாட்டுன்னு செய்ங்க. அவ விடமாட்டா" என்றார்.

விடவில்லைதான். ஒரு துணுக்கு ஒட்ட இடது கையை எடுத்தால் போதும், "அப்பா, அந்தக் கை!" என்று அதட்டுவாள். மறைக்கச் சொல்லி அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. கை தூங்குகிறது என்றுதான் சொன்னேன். அவள் உன்னிடம் சொல்லியும் இருக்கிறாள்.

அவளைத் தூக்குவதில்லை. குளிக்க ஊற்றுவதும் அடுப்பும் அக்கா. இந்த இரண்டு நாளும் அக்கா வீட்டை விட்டு நகர்வதில்லை. வேண்டுமானால் அவளிடமே கேள், அவளுக்கு உன்மேல் வருத்தம் இருந்தாலும் பொய் சொல்லமாட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஒரு கை விளங்காதவனிடம் பிள்ளையை எப்படி விடுவது என்று நீ ஆலோசகரிடம் கேட்பாய் என்று பயந்தேன். நியாயமான கேள்விதான். அதனால்தான் பயந்தேன்.

இனி நீ சொல். எப்போது போகிறீர்கள்?

வாண்டுவின் அப்பா


ஆகஸ்ட் 15, வெள்ளி

வாண்டுவின் அப்பாவுக்கு,

அன்றைக்கு வாசலோடு போய்விடுவேன் என்று எழுதியிருந்தேன். போகவில்லை. அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள். கதவைச் சாத்தவில்லை. நான் அடுத்த வீட்டுத் துணி காய்கிற கயிற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எதிர்வீட்டுக்காரர் என்னைத் திருடி என்று நினைத்திருப்பார்.

நீங்கள் பெரிய பொத்தான்களை ஷூ கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தீர்கள். பாம்பாம். ஒரு பொத்தான் கைநழுவி உருண்டு கட்டிலுக்கடியில் போனது. அண்ணி எடுக்கக் குனிந்தார். வாண்டு இடுப்பில் கை வைத்து நின்று "அத்தை, நீ எடுக்காத. அப்பாவே எடுக்கட்டும். அந்தக் கையால" என்றாள். நீங்கள் தரையில் படுத்து, நெற்றி வேர்க்க, முணுமுணுத்துக்கொண்டே எடுத்தீர்கள். எடுத்ததும் அவள் உங்கள் கைக்கு ஒரு முத்தம் கொடுத்து "குட் மார்னிங்" என்றாள். நான் படி இறங்கிவிட்டேன்.

நீங்கள் மூன்று முறை கேட்டும் நான் பதில் எழுதாததற்கு வருகிறேன். துறைமுக ஊரில் எங்கள் நிறுவனம் புதிதாக லேப் திறக்கிறது. பொறுப்பாளராக என்னைக் கேட்டார்கள். ஏப்ரலிலேயே சரி என்று சொல்லிவிட்டேன். வாடகைக்குப் பார்த்திருக்கிற வீட்டின் மாடியிலிருந்து கப்பல் தெரியும். அவள் சொன்னது எல்லாம் நிஜம். பூனை மட்டும்தான் நான் போட்ட திரை.

நீங்கள் நினைத்ததும் சரிதான். அவளை அங்கே கொண்டுபோக எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. உங்கள் கோணல் எழுத்தைப் பார்த்ததும் கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. பயமும் வந்தது, ஆனால் நிம்மதிதான் முதலில் வந்தது. அதை இத்தனை நாளாக நினைத்துப் பார்க்கிறேன்.

நான் போகத்தான் போகிறேன். இந்த வேலையை விடமாட்டேன். உங்களிடம் திரும்பி வருவதாகவும் எழுதவில்லை, அப்படி எதுவும் தோன்ற வேண்டாம். ஆனால் செப்டம்பரில் நான் மட்டும் முதலில் போய் வீட்டையும் லேபையும் ஒழுங்குபண்ண வேண்டும். அம்மா வீட்டில் விடலாம், தம்பி பார்த்துக்கொள்வான் என்று இருந்தேன். அந்த மாதம் முழுக்க அவள் உங்களோடு இருக்கட்டும். பிறகு பள்ளி விடுமுறைகள் எல்லாம் உங்களுக்கு. ஆலோசகர் முன்னால் இதை நானே சொல்கிறேன்.

படியில் அவள் கையை இடது கையால் பிடித்துக்கொள்ளுங்கள். அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள், வருத்தம் இருந்தாலும்.

கத்திரிக்கோலுக்கு வந்தாயிற்றா?

வாண்டுவின் அம்மா


செப்டம்பர் 9, செவ்வாய்

வாண்டுவின் அம்மாவுக்கு,

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் அடி படவில்லை, அதனால் தைரியமாகப் படி.

கத்திரிக்கோலுக்கு வந்தாயிற்று. முனை மழுங்கின, பிள்ளைகள் வெட்டுகிற வகை. நான் ஒரு காகிதத்தை நேராக வெட்ட முயல்கிறேன், அவள் அதே நேரத்தில் மூன்று வெட்டி முடிக்கிறாள். நேற்றுக் காலை ஒற்றையாகக் கிடந்த என் சாக்ஸில் சிங்கம் செய்தோம். கண்ணுக்குப் பொத்தான், மூக்குக்குத் தக்கை. பிடரிக்கு மஞ்சள் நூல் சுற்றிக்கொண்டிருந்தோம், பாதியில் தீர்ந்துவிட்டது. சாயங்காலம் வாங்கலாம் என்று சொல்லிவிட்டு நான் பால் சுடவைக்கப் போனேன். கொஞ்ச நாளாக அது மட்டும் நான் செய்கிறேன். அக்கா கீழே காய்கறி வாங்கப் போயிருந்தாள்.

திரும்பி வந்தபோது சிங்கத்துக்குப் பிடரி இருந்தது. வாண்டுவுக்கு முன்முடி இல்லை.

நெற்றிக்கு மேல் ஒரு கைப்பிடி அளவு. அடியோடு இல்லை, ஆனால் குத்துக்குத்தாக நிற்கிறது. அவளே வெட்டி, அவளே பசை தடவி, ரொம்ப அழகாக ஒட்டியிருந்தாள். கத்திரிக்கோலை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனது நான். அக்காவின் தப்பு இதில் எதுவும் இல்லை. மழுங்கின முனைதானே என்று நினைத்தேன். முடி வெட்ட முனை தேவையில்லை என்று இப்போது தெரிகிறது.

என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் நெற்றியை மூடிக்கொண்டு "அம்மாகிட்ட சொல்லாதப்பா" என்றாள்.

"சொல்லணும் வாண்டு."

"தொப்பி போட்டுக்கறேன். அம்மா வர்றதுக்குள்ள வளந்துடும். அம்மாவுக்குத் தெரியவே தெரியாது."

"தெரிஞ்சுடும்."

"எப்படி?"

"தெரிஞ்சுடும்டா. நான் சொல்லாமலே இருந்து பாத்துட்டேன். அது சரிப்படல."

கொஞ்ச நேரம் அழுதாள். சிங்கத்தை மடியில் போட்டுக்கொண்டு அதன் பிடரியைத் தடவினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, எழுது. ஆனா சிங்கம் சூப்பரா வந்திருக்குன்னும் எழுது" என்றாள்.

சூப்பராக வந்திருக்கிறது.

வாண்டுவின் அப்பா